கைக் கட்டரிலிருந்து டேபிள் சா: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஐயா, காரைக்குடி – திருப்பத்தூர் சாலையில் உள்ள மானகிரி எங்கள் ஊர். பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டுப் பின்கட்டில் சின்னதாக ஒரு மரப்பட்டறை வைத்திருக்கிறேன். விற்பதற்காக எதுவும் செய்வதில்லை. பேரப்பிள்ளைகளுக்குப் படிப்பு மேசை, சொந்தக்காரர் வீட்டுக்குப் பூஜை அலமாரி, ஊஞ்சல் பலகை என்று செய்து கொடுக்கிறேன். மரம் பெரும்பாலும் பழைய பர்மா தேக்குதான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளிலும், பிரித்து விற்கும் வீடுகளிலும் நிலை, கதவு, உத்திரத் துண்டு என்று கிடைப்பதை வாங்கி வருவேன். இடையிடையே பிளைவுட் வேலையும் உண்டு.

இப்போது 7 அங்குலக் கைக் கட்டரைப் பிளைவுட் மேசைக்கு அடியில் கவிழ்த்து மாட்டி, ஒரு சட்டத்தைக் கிளாம்ப் போட்டுக் கைடாக வைத்து அறுக்கிறேன். வெட்டு நேராக வருவதில்லை, தேக்கு கருகுகிறது. சென்ற மாதம் ஒரு கட்டை எத்திவிட்டு வயிற்றில் அடித்தது. நல்ல வேளையாகச் சிராய்ப்போடு போயிற்று. இனி சரியான மெஷின் வாங்கிவிடலாம் என்று 70,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். தச்சு வேலை செய்யும் நண்பர், இழைப்பு, அறுப்பு, துளை மூன்றும் உள்ள 2 ஹெச்பி இரும்பு மெஷினை வாங்கச் சொல்கிறார். கடைக்காரர் கம்பெனி டேபிள் சா காட்டுகிறார். அமெரிக்காவில் இருக்கும் மகனோ, விரல் பட்டால் உடனே நின்றுவிடும் ரம்பம் ஒன்றை வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். எதை வாங்கட்டும்?

*– வாசகர், மானகிரி*

பதில்: ஐயா, மெஷினைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். அந்தக் கவிழ்த்து மாட்டிய கட்டரை இன்றோடு கழற்றி வையுங்கள். புதிய மெஷின் வரும்வரை, அதே கட்டரைக் கையில் பிடித்து, பலகையை ஸ்டாண்டில் இறுக்கிக் கட்டிவிட்டு அறுங்கள். வயிற்றில் பட்ட அந்தக் கட்டை உங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை. அது ஏன் எத்தியது என்பது புரிந்துவிட்டால், எந்த மெஷினை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கட்டை ஏன் எத்துகிறது?

மேசை ரம்பத்தில் பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட மரம் பின்பக்கத்தில் பிளேடை உரசினால், எழும் பற்கள் அதைத் தூக்கி உங்களை நோக்கி எறியும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பல்லின் நுனி நொடிக்கு 53 மீட்டர் பாய்கிறது, அதாவது மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். உங்கள் சின்னக் கட்டரின் பல் வேகமும் இதற்கு அதிகம் குறைந்ததல்ல.

மரம் பின்பக்கத்தில் போய் உரசுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, கைடு பிளேடுக்கு இணையாக இல்லாமல் பின்னால் போகப் போகக் குறுகுவது. கிளாம்ப் போட்ட சட்டத்தில் இது அநேகமாக ஒவ்வொரு முறையும் நடக்கும். தேக்கு கருகுவதற்கும் வெட்டு கோணுவதற்கும் இதுதான் முதல் காரணம். இரண்டாவது, மரமே அறுபடும்போது உள்ளிறுக்கம் தளர்ந்து இரு பாதிகளும் மூடிக்கொள்வது. பல பத்தாண்டுகள் ஒரு கட்டடத்தின் பாரத்தைத் தாங்கிய நிலையிலும் உத்திரத்திலும் இந்த இறுக்கம் இருக்கும். கைடு எவ்வளவு சரியாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது.

இந்த இரண்டாவது ஆபத்துக்கு மருந்து ரைவிங் கத்தி. பிளேடுக்கு நேர் பின்னால், அதை ஒட்டி வளைந்து நிற்கும் மெல்லிய எஃகுத் தகடு அது. அறுபட்ட இரண்டு பாதிகளையும் மூடவிடாமல் பிரித்து வைக்கும். பிளேடை ஏற்றினாலும் இறக்கினாலும் சாய்த்தாலும் கூடவே போகும். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் வந்த விதிகளிலேயே, வட்ட ரம்பத்துக்குப் பின்னால் இந்தக் கத்தி இருக்க வேண்டும், தள்ளுகட்டை கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சட்டம் வந்து இத்தனை ஆண்டுக்குப் பிறகும் நம் பட்டறைகளில் இது அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறது. அதனால்தான் பலமான மோட்டாரைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்கிறேன்: இணையாக நின்று அசையாத கைடும், ரைவிங் கத்தியும் உங்கள் பணத்தில் முதல் பங்கைப் பெற வேண்டும்.

உங்கள் மரம் என்ன கேட்கிறது?

பழைய நிலைச்சட்டங்கள் 4×3, 5×3 அங்குலம் என்ற அளவுகளில் அதிகம் வரும். 3 அங்குலம் என்பது ஏறத்தாழ 76 மில்லிமீட்டர். கவிழ்த்து மாட்டிய 7 அங்குலக் கட்டர், மேசைப் பலகையின் கனம் போக இந்த ஆழத்தைத் தொடவே முடியாது. கம்பெனி டேபிள் சாக்களில் 216 மிமீ பிளேடு உள்ளவை ஏறத்தாழ 70 மிமீ ஆழம் அறுக்கும். 10 அங்குல பிளேடு உள்ளவை 77 மிமீ அல்லது அதற்கு மேல் போகும். ஆகவே உங்கள் வேலைக்கு 10 அங்குலம்தான் சரி. 3 அங்குலச் சட்டம் ஒரே வெட்டில் அறுபடும்.

அதற்கு மேல் கனமான உத்திரத்தை வீட்டு மெஷினில் அறுக்க நினைக்காதீர்கள். ஒரு பக்கம் பாதி அறுத்து, புரட்டிப் போட்டு மறுபக்கம் அறுப்பது சிலர் செய்கிற வேலை. கனமான பழைய மரத்தில் அது மோட்டாரையும் ஆளையும் சேர்த்துச் சோதிக்கும். ஆணி எடுத்துச் சுத்தம் செய்த உத்திரத்தை மர அறுவை மில்லுக்குக் கொண்டுபோய், பேண்ட் சாவில் 2 அங்குலப் பலகைகளாக அறுத்து வாங்குங்கள். பேண்ட் சாவின் பிளேடு மெல்லியது என்பதால் தூளாகப் போகும் மரமும் குறைவு. நூறாண்டுத் தேக்கில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் காசு.

பிளைவுட் விஷயமும் இப்படித்தான். 8×4 அடி, 18 மிமீ தாள் ஒன்று 35 கிலோ அளவுக்கு எடை இருக்கும். தனி ஆளாக அதைச் சின்ன மேசையில் ஏற்றித் தள்ளினால் நேரான வெட்டு வராது, கட்டுப்பாடும் போய்விடும். தரையில் தெர்மோகோல் தாளை விரித்து, அதன்மேல் பிளைவுட்டைப் போட்டு, நேர்ச்சட்டம் ஒன்றைக் கிளாம்ப் செய்து, உங்கள் கைக் கட்டராலேயே பெரிய துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சின்னத் துண்டுகளை மட்டும் டேபிள் சாவில் அளவுக்குக் கொண்டு வாருங்கள். இப்படிச் செய்தால் கைடிலிருந்து பிளேடுவரை 60 சென்டிமீட்டர் இடைவெளி தரும் மெஷினே உங்களுக்குத் தாராளம்.

மூன்று யோசனைகளும்

முதலில் உங்கள் நண்பர் சொல்லும் இரும்பு மெஷின். அதில் நிஜமான நன்மைகள் இருக்கின்றன. கனமான உடல், அதிர்வு குறைவு. இண்டக்‌ஷன் மோட்டார் சத்தம் குறைவாக, நாள் முழுக்க ஓடும். பெல்ட், பேரிங் போனால் உள்ளூர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். தினமும் எட்டு மணி நேரம் வேலை செய்யும் தச்சருக்கு அது சோறு போடும் மெஷின்.

வீட்டுப் பட்டறைக்கு நான் அதைப் பரிந்துரைக்கத் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. இவ்வகை மெஷின் பலவற்றில் ரைவிங் கத்தி இல்லை, பிளேடு மூடியும் இல்லை. ரம்பமும் இழைப்பு உருளையும் ஒரே தண்டில் இருப்பதால், நீங்கள் அறுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இழைப்புக் கத்தியும் சுற்றிக்கொண்டே இருக்கும். கைடு பல மெஷின்களில் போல்ட் போட்ட ஆங்கிள்தான், ஒவ்வொரு வெட்டுக்கும் அளந்து அளந்து இறுக்க வேண்டும். அதோடு வெட்டுக்காயம் பட்டால் தூக்கிக்கொண்டு ஓட, பட்டறையில் உங்களோடு வேறு ஆளும் இருக்க மாட்டார். இந்த மெஷினே வேண்டும் என்றால், ரைவிங் கத்தியும் மூடியும் வைத்துச் செய்து தரச் சொல்லி ஆர்டர் கொடுங்கள். தர முடியாது என்பவரிடம் வாங்க வேண்டாம்.

அடுத்து, மகன் சொல்வது. அவர் குறிப்பிடுவது சா ஸ்டாப் வகை ரம்பம். ஸ்டீஃபன் காஸ் என்ற அமெரிக்கர் 1999இல் இதை வடிவமைத்தார். இயற்பியல் படித்தவர், காப்புரிமை வழக்கறிஞர். பிளேடில் சிறிய மின் சைகை ஓடிக்கொண்டிருக்கும். மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் விரல் பட்டதும் சைகை மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பிளேடுப் பற்களுக்குள் பாய்ந்து, 5 மில்லி நொடிக்குள் அதை நிறுத்திவிடும். விரலில் சிறு கீறலோடு போகும். 2004 முதல் இந்த மெஷின்கள் விற்பனையில் இருக்கின்றன. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 30,000 பேர் அளவுக்கு மேசை ரம்பக் காயத்தோடு அவசர சிகிச்சைக்குப் போகிறார்கள் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டிருக்கிறது. அப்படியிருக்க, உங்கள் மகனின் அக்கறை முழுக்க நியாயமானது.

ஆனால் அங்கிருந்து அனுப்பும் மெஷின் இங்கே பொருந்தாது. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைக் குறைக்கலாம், ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது, ஆகவே இங்கே அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடும் ஏறும். பிரேக் ஒருமுறை பாய்ந்தால் அந்த பிரேக் பெட்டியும் பிளேடும் புதிதாக வாங்க வேண்டும். உங்கள் மரத்திலோ ஆணி ஒளிந்திருக்கும். புதைந்த உலோகம் மேசையையோ கையையோ தொட்டபடி பிளேடில் பட்டால் பிரேக் பாய்ந்துவிடலாம். காரைக்குடியிலிருந்துகொண்டு அந்தப் பெட்டிக்காகக் கடல் கடந்து காத்திருப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. மகனின் பணத்தை நல்ல காதுமூடி, மாஸ்க், பிளேடு வாங்க அனுப்பச் சொல்லுங்கள்.

மிஞ்சுவது கடைக்காரர் காட்டும் கம்பெனி டேபிள் சா. வேலை நடக்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதற்காகச் செய்தது. அலுமினிய மேசை, கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். சத்தம் அதிகம். நாள் முழுக்க ஓட்டினால் பிரஷ் தேயும். ஆனால் வாரத்தில் சில மணி நேரம் வேலை செய்யும் உங்களுக்கு இந்தக் குறைகள் பெரிதாகத் தெரியாது. போஷ் ஜிடிஎஸ் 10 ஜே 1,800 வாட், 254 மிமீ பிளேடு. டிவால்ட் டிடபிள்யூஇ 7492 2,000 வாட், 250 மிமீ பிளேடு. அதன் கைடு பல்சக்கரத்தில் நகர்வதால் முன்னும் பின்னும் ஒரே அளவு ஓடும், 825 மிமீ அகலம் வரை விரியும். மகிடா எம்எல்டி 100 இந்த அளவிலேயே இன்னொன்று. போஷ் ஜிடிஎஸ் 635-216 நல்ல மெஷின்தான். ஆனால் பெயரிலேயே உள்ளபடி அதன் பிளேடு 216 மிமீ, உங்கள் 3 அங்குலச் சட்டத்துக்கு எட்டாது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, மெஷினைத் தரையில் வைத்துப் பாருங்கள். இரண்டு அடி ஸ்டீல் ஸ்கேலும் நல்ல மூலைமட்டமும் கையோடு கொண்டு போங்கள்.

1. *கைடு.* பூட்டிய பிறகு அதன் பின் முனையைக் கையால் தள்ளிப் பாருங்கள், நகரக் கூடாது. மேசையில் உள்ள நீளப் பள்ளத்திலிருந்து கைடு வரை முன்னும் பின்னும் அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் ஒரு தாள் கனம் கூடினால் பரவாயில்லை, குறைந்தால் ஆபத்து. மூன்று முறை கழற்றிப் பூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அளவு மாறும் கைடு வேண்டாம்.

2. *பிளேடு இணை.* பிளேடில் ஒரு பல்லைப் பேனாவால் குறித்துக்கொண்டு, அது முன்பக்கம் இருக்கும்போதும், கையால் சுற்றிப் பின்பக்கம் கொண்டுவந்த பிறகும் பள்ளத்திலிருந்து அதன் தூரத்தை அளங்கள். ஒரே பல்லை அளப்பதால் பிளேடு வளைவு கணக்கைக் கெடுக்காது. வித்தியாசம் இருந்தால், அதைத் திருத்த ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

3. *ரைவிங் கத்தி.* மூடியைக் கழற்றினாலும் கத்தி மட்டும் நிற்கிறதா? பிளேடோடு ஏறி இறங்குகிறதா? கத்தியின் மேலேயே அதன் கனம் பொறித்திருக்கும். அது பிளேடின் தகட்டைவிடக் கனமாகவும், பல் வெட்டும் தடத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். பின்னால் வேறு பிளேடு வாங்கும்போதும் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

4. *சுவிட்ச்.* நம் ஊரில் இது உயிர் காக்கும் விஷயம். மெஷின் ஓடும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் செருகச் சொல்லுங்கள். தானாக ஓடத் தொடங்கினால் அந்த மெஷின் வேண்டாம். மின்வெட்டு வந்து நீங்கள் பிளேடருகில் கை வைத்துத் துண்டை எடுக்கும்போது மின்சாரம் திரும்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மின்சாரம் போனால் தானே விழுந்துவிடும் நோ-வோல்ட் சுவிட்ச் அவசியம்.

5. *பிளேடு துளை.* 10 அங்குல பிளேடுகள் 25.4 மிமீ துளையிலும் 30 மிமீ துளையிலும் வருகின்றன. உங்கள் மெஷினுக்கு எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

6. *சர்வீஸ்.* கார்பன் பிரஷ், பெல்ட், கைடு பூட்டு இவை காரைக்குடியிலோ மதுரையிலோ திருச்சியிலோ கிடைக்குமா என்று கேளுங்கள். தெளிவான பதில் தரும் கடையில் நூறு இருநூறு கூடக் கொடுத்து வாங்கினாலும் லாபம்தான்.

மின்சாரம்

1,800 வாட் மெஷின் 230 வோல்டில் ஏறத்தாழ 8 ஆம்பியர் எடுக்கும், தொடங்கும்போது இன்னும் கூடும். பின்கட்டில் உள்ள விளக்கு சாக்கெட்டில் செருக வேண்டாம். மீட்டர் பலகையிலிருந்து 2.5 சதுர மிமீ செப்புக் கம்பியில் தனி லைன் இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட், எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்து, எர்த் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய கம்பி கொண்ட நீள எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வோல்டேஜ் குறையும், மோட்டார் சூடேறும், வெட்டும் தடுமாறும். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

செய்த சாமான்களை விற்க ஆரம்பித்தால் வீட்டு இணைப்பில் ஓட்டுவது முறையல்ல. குடிசைத் தொழில், குறுந்தொழில்களுக்கு மின்வாரியத்தில் தனிக் கட்டண வகை இருக்கிறது, அதற்கு விண்ணப்பியுங்கள்.

பிளேடுக்குத் தனியாகப் பணம் வையுங்கள்

மெஷினோடு வரும் ஒரே பிளேடை வைத்து எல்லாம் அறுப்பவர்கள்தான் மெஷினைக் குறை சொல்கிறார்கள். உங்கள் 70,000இல் ஏழில் ஒரு பங்கைப் பிளேடுக்கு ஒதுக்குங்கள். நீளவாட்டில் அறுக்க 24 பல். அகலப் பள்ளங்கள் மரச் சீவலை வெளியே தள்ளுவதால் தேக்கு கருகாது. குறுக்கே அறுக்கவும் பொது வேலைக்கும் 40 பல். மைக்கா ஒட்டிய பிளைவுட் ஓரம் பிய்யாமல் வர 60 அல்லது 80 பல். எல்லாமே கார்பைடு நுனி வைத்ததாக இருக்கட்டும். தேக்கின் உடலிலேயே சிலிக்கா இருக்கிறது. சாதாரண எஃகுப் பல்லை அது சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கியதைத் தூக்கிப் போடாமல் சாணை பிடிக்கக் கொடுங்கள். நல்ல கார்பைடு பிளேடு பலமுறை சாணை தாங்கும்.

நாலாவதாக, பாதி தேய்ந்த பழைய பிளேடு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பும் மண்ணும் ஏறிய பழைய மரத்தின் முதல் வெட்டை அதிலேயே போடுங்கள்.

பழைய மரத்துக்கான ஒழுங்கு

செட்டிநாட்டு வீட்டு மரத்தைப் போன்ற பொருள் இனிக் கிடைக்காது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. ஆனாலும் வீடுகள் பிரிபட்டுக் கதவும் தூணும் கடைத்தெருவுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. பிரிபட்ட மரத்துக்கு நீங்கள் மறுவாழ்வு கொடுக்கிறீர்கள். அதைப் பொறுமையாகச் செய்யுங்கள்.

வேலைப்பாடு உள்ள கதவு, செதுக்கிய நிலை என்றால் முதலில் அப்படியே பயன்படுத்த வழி இருக்கிறதா என்று பாருங்கள். அறுத்தால் பலகைதான் மிஞ்சும். உடைந்தது, செல்லரித்தது, வேலைப்பாடு இல்லாத சட்டம் இவைதான் ரம்பத்துக்கு வர வேண்டியவை.

அறுக்கும் முன் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். கையடக்க மெட்டல் டிடெக்டரை நாலு பக்கமும் ஓட்டுங்கள். துருக் கறை தெரியும் இடத்தில் ஆணி இருக்கும், அல்லது ஒடிந்த முனை உள்ளே இருக்கும். எடுக்க முடியாத ஆணி என்றால் அந்தப் பகுதியையே வெட்டி ஒதுக்குங்கள். கார்பைடு நுனி ஆணியில் பட்டுத் தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும்.

பழைய பெயின்ட் அடித்த கதவில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்ட்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2016இல்தான் வந்தது. பேரப்பிள்ளைகள் புழங்கும் வீடு என்பதால், பெயின்ட்டை ஈரமாகச் சுரண்டி எடுத்து, துண்டுகளைப் பையில் கட்டி அப்புறப்படுத்திய பிறகே ரம்பத்தில் வையுங்கள்.

பழைய சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கும். மேசையில் ஆடும் மரத்தையும், நேரில்லாத ஓரத்தைக் கைடில் வைத்தும் ஒருபோதும் அறுக்கக் கூடாது. இழைப்புளியால் ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் நேராக்கி, மூலைமட்டம் பார்த்த பிறகே டேபிள் சாவுக்கு வாருங்கள். ரம்பம் நேரான மரத்தை அளவாக்கித் தரும். கோணல் மரத்தை நேராக்கும் வேலை இழைப்புளியுடையது.

நிற்கும் முறை

பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள், கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பிளேடு, பல் மரத்துக்கு மேலே தெரியும் அளவுக்கு மட்டும் உயர்ந்தால் போதும். கைடுக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இல்லையென்றால் தள்ளுகட்டை இல்லாமல் தள்ளக் கூடாது. குறுக்கே அறுக்கும்போது கைடையும், மேசைப் பள்ளத்தில் ஓடும் குறுக்குக் கைடையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தாதீர்கள். நடுவில் சிக்கும் துண்டு எத்திக்கொண்டு வரும். கைடே இல்லாமல் கைப்போக்கில் அறுப்பது கூடவே கூடாது. கையுறை, தொங்கும் துண்டு, நீளக் கைச்சட்டை மூன்றும் பிளேடருகே வேண்டாம்.

வாங்கிய முதல் வாரத்திலேயே குறுக்கே அறுக்க ஒரு தள்ளுபலகை செய்துகொள்ளுங்கள். 12 மிமீ பிளைவுட், மேசைப் பள்ளத்தில் ஓடும் இரண்டு தேக்குச் சட்டம், முன்னும் பின்னும் ஒரு நேர்ச்சட்டம், அவ்வளவுதான். பின் சட்டத்தை 90 பாகைக்குச் சரியாகப் பொருத்திவிட்டால், அலமாரிச் சட்டங்களின் மூலை இனிக் கோணாது.

தூளும் சத்தமும்

மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொந்தரவையும் தரும். மெஷினின் தூள் வாயில் வேக்வம் கிளீனரை மாட்டுங்கள், என்95 மாஸ்க் போடுங்கள், பின்கட்டுக் கதவுகள் இரண்டையும் திறந்து வையுங்கள். கண்ணாடியும் காதுமூடியும் ஒவ்வொரு வெட்டுக்கும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தள்ளுபலகையின் சட்டம் ஊதும், ஸ்க்ரூக்கள் துரு ஏறும். மேசைக்கும் பள்ளத்துக்கும் மாதம் ஒருமுறை மெழுகு தேய்த்து வையுங்கள்.

எப்போது இன்னும் பெரிய மெஷின்?

ஆர்டர் எடுத்து, வாரத்தில் ஐந்தாறு நாள் வேலை செய்யத் தொடங்கினால், அப்போது வார்ப்பிரும்பு மேசையும் இண்டக்‌ஷன் மோட்டாரும் உள்ள கேபினட் சாவை யோசிக்கலாம். அதற்கு முன் உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது ஒரு சின்ன இழைப்பு மெஷின்தான், ஏனென்றால் உங்கள் மரத்தின் உண்மையான சிக்கல் முறுக்கு. முறையாகக் கற்க விரும்பினால், பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மரவேலைப் பயிற்சி மையம் இருக்கிறது. மெஷின் வேலையில் குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று விசாரியுங்கள்.

முடிவாக

இணையாக நிற்கும் கைடும், பிளேடோடு ஏறி இறங்கும் ரைவிங் கத்தியும், நோ-வோல்ட் சுவிட்சும் உள்ள 10 அங்குலக் கம்பெனி டேபிள் சாவை வாங்குங்கள். மேலே சொன்ன மூன்று கம்பெனிகளில், கடையில் நீங்களே ஸ்கேல் வைத்துச் சோதித்தபோது கைடு எதில் சரியாக நிற்கிறதோ, சர்வீஸ் எதற்கு அருகில் இருக்கிறதோ அதுவே உங்களுடையது. மீதிப் பணம் பிளேடுக்கும், மெட்டல் டிடெக்டருக்கும், தனி மின் லைனுக்கும் போகட்டும். உத்திரம் அறுவை மில்லுக்குப் போகட்டும். ரைவிங் கத்தி இல்லாத ரம்பத்தை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.